ஓடுகிற மெஷினுக்குத்தான் காண்ட்ராக்ட்

சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர் திருப்பூருக்கு வந்து, பனியனை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறை என்பானே, அந்தக் கண்ணாடி அறையின் குளிர்ச்சி நான் போட்டது. அதே கம்பெனியில் அயர்ன் டேபிளுக்கு நீராவி போகிற குழாயும் என் வேலைதான். முதலாளிக்குக் குளிர், தொழிலாளிக்குச் சூடு, இரண்டுக்கும் ஒரே ஆள். படிப்பு ஐந்தாவது வரை. அதிலும் ஐந்தாவது முழுசாக இல்லை. ஆனாலும் பெரிய படிப்புப் படித்த மேனேஜர்கள் சித்திரை மாதம் போன் போட்டு, எப்போது வருவீர்கள் என்று என்னிடம் கெஞ்சியிருக்கிறார்கள். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

இந்தக் கெத்தில்தான் எனக்குக் குடல் இறங்கியது.

செல்போன் எல்லோர் சட்டைப் பையிலும் ஏறிவிட்ட காலம். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் ஸ்பிளிட் ஏசியின் வெளி யூனிட்டை மொட்டை மாடிக்கு ஏற்ற வேண்டும். என் ஆட்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் ஆட்கள் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேடிக்கை பார்க்க ஆள் இருந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.

"தள்ளுங்கப்பா. விண்டோ ஏசியவே ஒத்தைல தூக்கிட்டு நடந்தவன் நானு" என்று சொல்லித் தோளில் வைத்து ஏற்றிவிட்டேன். கை தட்டினார்கள். இறங்கும்போது அடிவயிற்றுக்குக் கீழே ஏதோ நழுவியது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். இருமினால் வெளியே வரும், படுத்தால் உள்ளே போய்விடும்.

"ஆபரேசன்தானுங்க" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் எதையும் தூக்காதீங்க. குடல் மாட்டிக்கிச்சுன்னா உசுருக்கே வம்பு." இதைச் சொல்லும்போது என் மனைவி பக்கத்திலேயே இருந்தாள். அதுதான் வினை.

கையில் இருந்த பணம் கோடைக்கு மெஷின் வாங்கி அடுக்குவதற்கு. அதை ஆபரேஷனில் போட்டால் சீசன் போச்சு. சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் உயிர் போச்சு. வீட்டுக்கு வந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"எந்தம்பிக்கும் இதேதான் வந்துச்சு. பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டரு, இ.எஸ்.ஐ. இருக்குது. போய்ப் படுத்தான், செலவில்லாம எந்திரிச்சு வந்துட்டான். நீங்க மொதலாளியாச்சுங்களே, உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரிங்க?"

எனக்கு எந்த ஆஸ்பத்திரியும் இல்லை. என் குழாயில் வந்த நீராவியில் துணி தேய்க்கிறவனுக்கு இருந்தது. தெரிந்த மேனேஜர் ஒருவர், இ.எஸ்.ஐ. கிடைக்க வேண்டுமானால் அவர் கம்பெனிக் கணக்கில் என்னை ஹெல்பர் என்று எழுதிக்கொள்வதாகச் சொன்னார். தப்பு வேலை என்று மறுத்தேன் என எழுதலாம். ஆனால் நான் மறுத்தது ஹெல்பர் என்ற சொல்லுக்காக. விசிட்டிங் கார்டில் புரொப்ரைட்டர் என்று தங்க எழுத்தில் அடித்து வைத்திருந்தேன்.

கடைசியில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருவர் நினைவுக்கு வந்தார், சின்ன வயசு, தம்பி என்றுதான் கூப்பிடுவேன். திருப்பூர் ராயபுரத்தில் அவருக்கு ஒரு சின்ன ஆபீஸ். அந்த ஆபீஸ் ஏசிக்கு வருட மெயின்டனன்ஸ் என்னுடையது. ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு மெடிக்ளெய்ம் பாலிசி எடுக்கச் சொல்லுவார். நான் நெஞ்சைத் தட்டிக் காட்டி, "இது இம்போர்ட்டட் கம்ப்ரசருங்க தம்பி, மெயின்டனன்சே வேண்டாம்" என்பேன். நன்றாகப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டு வருவேன்.

இங்கே எங்கள் தொழில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஓடுகிற மெஷினுக்குத்தான் நாங்கள் மெயின்டனன்ஸ் காண்ட்ராக்ட் போடுவோம். அதனால் கெட்டுப்போன மெஷின் வைத்திருப்பவர்கள் எல்லாத் தந்திரமும் செய்வார்கள். இந்தத் தம்பியே முதலில் என்னை மார்கழி மாதம் விடியற்காலையில் வரச் சொன்னார். போனேன். ஏசியைப் போட்டுக் காட்டினார், அறை ஜில்லென்று இருந்தது. "மார்கழில என்ர போர்வைகூட ஏசிதானுங்க தம்பி" என்று நான் சொன்னதைத் தெருவே கேட்டுச் சிரித்தது. மெஷினில் கேஸ் துளிகூட இல்லை. சரி செய்யக் காசு வாங்கிக்கொண்டுதான் காண்ட்ராக்ட் போட்டேன்.

அதே தம்பியிடம் நானாகப் போய், "மெடிக்ளெய்ம் ஒண்ணு போட்டுருங்க" என்றேன். உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். கல்லு மாதிரி இருக்கிறேன் என்றேன். வயது கூடிவிட்டதால் டாக்டர் பார்க்க வேண்டும், கீழேயே கிளினிக் என்றார்.

நான் அதற்கும் வழி வைத்திருந்தேன். முதுகு பிடித்திருக்கிறது என்று சொல்லி அவர் ஆபீஸ் பெஞ்சில் மல்லாக்கப் படுத்தேன். எலுமிச்சம்பழம் உள்ளே போனது. எழுந்து, தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடம் சுமக்கிறவன்போல மெதுவாகப் படியிறங்கினேன்.

டாக்டர் வேட்டியைத் தளர்த்தச் சொன்னார். "இருமுங்க."

"இருமல் இல்லீங்களே."

"இல்லாட்டியும் இருமுங்க."

தொண்டையைச் செருமினேன்.

"அது கனைப்புங்க. நல்லா இருமுங்க."

இருமினேன். வந்துவிட்டது. "குடலெறக்கம்" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் பேனாவை எடுத்தார். திரைக்கு வெளியே நின்ற ஏஜெண்ட் தம்பி அங்கிருந்தே கேட்டார். "ஏனுங்ணா, மார்கழி மாசத்துல ஏசியப் போட்டுக் காட்டறீங்களா?"

மேலே வந்து உட்கார்ந்தும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நீங்க மறைச்சதே வெட்டி வேலைங்ணா. குடலெறக்கம், மூலம், கண்புரை இதெல்லாம் மொத வருசம் யாருக்கும் கெடையாது. உள்ளதச் சொல்லியே எடுத்துக்குங்க. இது ஒண்ணு மட்டும் தனி, பாலிசில சேராது. வேற எது வந்தாலும் பாத்துக்குவாங்க. வீட்ல அக்காவையும் சேத்துப் போடுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அதென்னங்க அநியாயம். வந்த நோவ விட்டுப்போட்டு, வராத நோவுக்குக் காசு வாங்கறீங்க?"

அவர் சுவரில் இருந்த ஏசியைக் காட்டினார். "உங்க காண்ட்ராக்ட்ல கம்ப்ரசர் தனி, கேஸ் தனி. மிச்சம் என்னங்ணா இருக்குது, துணி வெச்சுத் தொடைக்கறதுதானுங்க?"

ஒரு பேரத்தில் நான் தோற்றது அதுவே முதல் தடவை. இருவர் பேருக்கும் பாலிசி எடுத்தேன், குடலிறக்கம் தனி என்று எழுதியே.

ஆபரேஷனுக்கு என் பணம்தான். ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, காது மட்டும் நன்றாகக் கேட்டது. தலைக்கு மேலே ஏசி இழுக்கிற சத்தம் சரியில்லை.

"பில்டர் அடைச்சிருக்குதுங்க" என்றேன்.

"பெரியவரே, இப்ப யாரு யாருக்கு சர்வீஸ் பண்றது?" என்றார் டாக்டர். நர்ஸ் சிரித்ததில் என் வீரம் அங்கேயே அவிந்தது.

அந்தச் சீசனுக்குப் பாதி மெஷின்தான் வாங்க முடிந்தது. அதைவிடப் பெரிய தண்டனை, தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் கேட்பேன் என என் மனைவி நம்பவில்லை. நான் வேலைக்குப் போகும் கம்பெனிக்கெல்லாம் சோற்றுப் பாத்திரத்தோடு அவளும் வந்தாள். பெருமாநல்லூரில் அதே படிக்கட்டில் அதே ஆபீஸ் ஆட்கள் நின்றார்கள். இன்னொரு யூனிட் ஏறியது. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னிக்கு நீங்க தூக்கலீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

எனக்கு முன்னால் அவள் பதில் சொன்னாள். "அவருக்கு அது காண்ட்ராக்ட்ல இல்லீங்க."

வேலை முடிந்து கீழே வந்தால், ரிசப்ஷனில் நான் போட்ட ஏசிக்கு நேராக உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். கிளம்பலாம் என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் போடறீங்க. இது இத்தன சொகமா இருக்கும்னு எனக்குச் சொல்லவே இல்லீங்களே?"

எங்கள் வீட்டில் அன்று வரைக்கும் மேசை ஃபேன்தான். அடுத்த வாரமே ஒரு ஏசி போட்டேன். ஆட்கள் தூக்கினார்கள். அது வண்டியிலிருந்து இறங்கி, பெட்டி பிரித்து, சுவரில் ஏறி, ஓட ஆரம்பிக்கிறவரை என்னை நாற்காலியைவிட்டு எழ விடவில்லை அவள்.