கப்பல் பார்க்கப் போய் பள்ளிக்கூடத் தரையில் உட்கார்ந்த கதை

மதுரை தபால் ஆபீஸ்காரனான நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூன் மாதம், நாலு நாள் லீவு கிடைத்ததும் கப்பல் பார்க்கக் கிளம்பிவிட்டேன். காலை ஆறேகாலுக்கு எழும்பூர். அங்கிருந்து பீச் ஸ்டேஷனுக்கு இரண்டணா டிக்கெட். பிறகு ராயபுரம் வரை ஒன்றேகால் மைல் நடை. வெயில் ஏறுமுன் நடந்துவிடுங்கள், நான் பட்டது போதும்.

துறைமுக வாசல் டீக்கடையில் (டீ ஓரணா, முதல் தரம்) மூட்டை தூக்கும் காசிம் பாய் பழக்கமானார். பக்கத்தில் போலந்துக் கப்பல்காரர் ஒருவர். இருவருக்கும் நடுவே என் அரைகுறை இங்கிலீஷ். அவருடைய அப்பாவுக்கு என்ன வேலை என்று பாய் கேட்கச் சொன்னார்.

"ரொபோட்னிக்" என்று மார்பைத் தட்டினார் அவர். கையால் உழைப்பவர் என்று அர்த்தமாம். முன்னொரு காலத்தில் ஜமீன் நிலத்தில் சம்பளமில்லாமல் செய்த கட்டாய வேலையிலிருந்து வந்த சொல்லாம். ஆலைகள் வந்து, சங்கம் வந்து, இப்போது அதையே தலைநிமிர்ந்து சொல்கிறார்களாம்.

பாய் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

"நாளிக்கு என் பொண்ண ஸ்கூல்ல சேக்குறேன் தம்பி. ரிஜிஸ்டர்ல அப்பன் வேலை கூலின்னு போட்ருவாங்க. தொழிலாளின்னு போடணும். எனுக்குப் படிக்கத் தெர்யாது. நீ வந்து பாத்து சொல்றியா?"

மறுநாள் பத்து மணிக்குப் போனோம். எழுத்தர் எழுதியதை எட்டிப் பார்த்தேன். கூலி என்றுதான் இருந்தது. பாயிடம் சொல்ல நாக்கு கூசியது, ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"அடிச்சிட்டு மாத்தி எழுது சார்" என்றார் பாய்.

"ரிஜிஸ்டர்ல அடிக்கக் கூடாதுய்யா. எல்லாம் ஒண்ணுதானே?"

துறைமுகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுமையைச் சரியாகக் கட்டவில்லையென்றால் தூக்க மாட்டார்கள். சத்தம் போடாமல் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். பாய் உட்கார்ந்தார். வரிசையில் நின்ற ஏழு அப்பாக்களும் துறைமுகத்து ஆட்கள்தான், அவர்களும் உட்கார்ந்தார்கள். அட, நானும் உட்கார்ந்தேன்! பதினொன்றரை வரை ஒருவரும் அசையவில்லை. எழுத்தர் வியர்த்துப் போய், கோடு போட்டு அடித்து, மேலே 'தொழிலாளி' என்று எழுதினார்.

பாய் அந்த எழுத்துகள் மேல் விரலை வைத்து மகளிடம் காட்டினார். "மொதல்ல இத்த எழுதக் கத்துக்கோ கண்ணு. அப்பால எனுக்குக் கத்துக் குடு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

ராயபுரம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கப்பலுக்கு ஒரு நாள் போதும், மனிதர்களுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். அங்கே யாரையும் 'ஏய் கூலி' என்று கூப்பிட்டுவிடாதீர்கள். எட்டுப் பேர் தரையில் உட்காருவார்கள், ஒன்பதாவதாக நானும்.