வெட்டிய மரத்தில் வேறு இலை

போன சனிக்கிழமை ஒரு மரத்தைப் பார்த்துப் பயந்தேன். சிரிக்காதீர்கள். பாம்புக்குப் பயப்படாதவன், பிரின்சிபாலுக்குக்கூட அவ்வளவாகப் பயப்படாதவன் நான்.

ஃபார்ம் ஃபோர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தீவின் தெற்கே இருக்கும் மக்காபே காட்டுக்குப் போயிருந்தேன். பயாலஜி வாத்தியாருக்கு வருஷத்துக்கு ஒரு முறை இந்தத் தண்டனை உண்டு. வழி காட்ட வந்த காட்டிலாகாக்காரர் ஒரு மரத்தருகே நின்றார். அண்ணாந்து பார்த்தால் அகலமான, பளபளக்கும் பச்சை இலைகள். குனிந்து பார்த்தால்... அடிமரத்திலிருந்து கிளம்பிய கொழுந்துகளில் ரிப்பன் மாதிரி ஒடுக்கமாக, ஒரு சாண் நீளத்துக்கு இலைகள். கறுத்த பச்சை. நடுவில் சிவப்பாக ஒரு நரம்பு.

“இரண்டு மரம் ஒட்டி வளர்ந்திருக்கிறதா?” என்று கேட்டேன்.

“இல்ல, மிஸ்யே. ஒரே மரம். புவா தோலிவ்னு பேரு,” என்றார் அவர். “சின்னதுல அப்படி, பெருசானா இப்படி. பெரிய மரத்தை வெட்டிப் பாருங்க, அடியில மறுபடியும் சின்னப்பிள்ளை இலைதான் வரும்.”

பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பேனா ஓடவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் இதே இலையைக் கையில் வைத்துக்கொண்டு “இது வேறு செடி” என்று சொன்னவன் நான். அந்த ஒரு வாக்கியத்தால் ஒரு பெண் வீட்டை விட்டுப் போனாள்.

தேர் ரூஜில் எனக்குப் பக்கத்து வீடு மதாம் வீரப்பேனுடையது. கணவர் காலமாகிவிட்டார். மதாம் சென்ட்ர் டி ஃப்ளாக்கில் அரசாங்க ஆபீஸ் ஒன்றில் கிளார்க். ஒரே மகன் சீவன், க்ரான் பேயில் ஹோட்டல் வெயிட்டர். மருமகள் லினெட் ரோஷ் புவாவில் பிறந்த, ஆப்பிரிக்க வம்சாவளி க்ரியோல் பெண். ஸ்வெட்டர் ஃபேக்டரியில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும். காதல் கல்யாணம். மதாம் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது... எதிர்க்கவில்லை, அவ்வளவுதான்.

அவர்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு பெரிய மரம். அதன் அடியில் முனீஸ்வரன் கல். எலுமிச்சம்பழமும் சிகரெட்டும் வைத்துக் கும்பிடுவார்கள். மாடி கட்ட இடைஞ்சல் என்று சீவன் அந்த மரத்தை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டான். பதினைந்தாம் நாள் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டான். அந்த மாதம் முடிவதற்குள் அடிமரத்தை ஒட்டி, மண்ணோடு மண்ணாக, அந்தக் கறுத்த இலைகள் எட்டிப் பார்த்தன.

காற்று இல்லாத நேரத்திலும் அவை அசைவது போலிருக்கும். சாயங்காலமானால் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். கொசுவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இதற்கிடையில் லினெட் விடியற்காலை இருட்டில் சொம்போடு அந்தக் கல்லருகே குனிந்து நிற்பதை மதாம் இரண்டு முறை பார்த்துவிட்டார். ‘லோங்கானிஸ்’ என்ற பேச்சு தெருவில் கிளம்பியது. வேறொன்றுமில்லை, நம் ஊர் பில்லி சூனியம்தான்.

மதாம் என்னைத் தேடி வந்தார். “நான் ஆபீஸ்ல வேலை பாக்கறவ, மிஸ்யே. லோங்கானிஸ்காரன்கிட்ட எல்லாம் போக மாட்டேன். நீங்க சியான்ஸ் வாத்தியார். பாத்துச் சொல்லுங்க. இது அந்த மரம்தானா?”

எத்தனை பேர் இப்படிக் கேட்பார்கள்? மந்திரவாதியை விட்டுவிட்டு வாத்தியாரிடம் வந்த அந்த அம்மாளை இப்போது நினைத்தாலும் எனக்கு மரியாதைதான். வந்த இடம்தான் சரியில்லை.

வெட்டிப்போட்ட கிளையிலிருந்து ஒரு காய்ந்த இலையை எடுத்தேன். புதிய இலையோடு சேர்த்துப் பார்த்தேன். ஒன்று உள்ளங்கை அகலம், இன்னொன்று விரல் அகலம்கூட இல்லை. இங்கே வருவதற்கு முன் ஊரில் பதினோரு வருஷம் தாவரவியல் நடத்திய திமிர் இருக்கிறதே... “இல்லை மதாம். இது வேறு செடி,” என்றேன். அதோடாவது வாயை மூடியிருக்கலாம். “யாரோ நட்டிருக்க வேண்டும்,” என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மண்ணைக் கிளறிப் பார்த்திருந்தால் கொழுந்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருக்கும். இரண்டு நிமிஷ வேலை. ஏன் செய்யவில்லை? சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் கை வைக்க எனக்கும் பயம்.

சமையலறைக் கதவருகே லினெட் ஃபேக்டரி யூனிஃபார்மோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதுவும் சொல்லவில்லை. அந்த வாரமே ரோஷ் புவாவுக்குப் போய்விட்டாள். அப்போது அவளுக்கு நாலாம் மாதம்.

காட்டிலிருந்து திரும்பியதும் இருக்கிற புத்தகங்களையெல்லாம் இழுத்துப் போட்டேன். வகுப்பில் நானே நடத்தும் பாடம்தான். ஒரு மரத்தின் எல்லாச் செல்லிலும் ஒரே ஜீன்கள். அடி இலைக்கு ஒன்று, நுனி இலைக்கு ஒன்று என்று கிடையாது. எந்த ஜீன் விழித்திருக்க வேண்டும், எது தூங்க வேண்டும் என்று முடிவு செய்பவை சில புரோட்டீன்கள். ஜீன் மேல் போய் உட்கார்ந்துகொண்டு, ‘இப்போது வேலை செய்’, ‘இப்போது சும்மா இரு’ என்று நாட்டாமை பண்ணும். இலை நீளவாட்டில் வளர்வதா, பக்கவாட்டில் விரிவதா, எங்கே நிறுத்துவது... எல்லாம் அந்த உத்தரவுப்படிதான்.

மரம் வயதுக்கு வந்ததும் உத்தரவு மாறுகிறது, இலை அகலமாகிறது. ஆனால் அடிமரப் பட்டைக்குள் சில மொட்டுகள் வளராமலே தூங்கிவிடுகின்றன. அவற்றுக்கு உத்தரவு மாறவே இல்லை. நாற்பது வருஷத்து மரத்துக்குள் அவை இன்னும் குழந்தைதான். மேலே வெட்டு விழுந்ததும் கண் விழிக்கின்றன.

இளம் இலை ஏன் அப்படிக் கறுத்து, ஒடுங்கி இருக்க வேண்டும்? ஒரு கருத்து இருக்கிறது. ஒரு காலத்தில் இந்தத் தீவு முழுக்க ராட்சத ஆமைகள் மேய்ந்தன. அவற்றின் தலை எட்டும் உயரம் வரைக்கும் செடி, தின்ன லாயக்கில்லாதது போல வேஷம் போடுகிறதாம். அந்த ஆமைகள் பூண்டோடு அழிந்து இருநூறு வருஷத்துக்கு மேலாகிறது. செடிக்கு அதை யாரும் சொல்லவில்லை. வராத ஆமைக்காக இன்னமும் ஒளிந்துகொண்டு நிற்கிறது. அதைப் படித்துவிட்டுப் போய் அந்த ஜன்னலைத் திறந்து பார்த்தேன். முன்பைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மதாமைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மண்ணைக் கிளறினேன். தனிச்செடியாக இருந்தால் தனி வேர் இருக்க வேண்டுமே? இல்லை. கொழுந்து அடிமரத்துப் பட்டையைப் பிளந்துகொண்டு வந்திருந்தது. மதாம் செருப்பை மாட்டிக்கொண்டு, “வாங்க மிஸ்யே,” என்றார். பஸ் பிடித்தோம்.

ரோஷ் புவாவில் தகரக் கூரை போட்ட சின்ன வீடு. லினெட் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் இரண்டு இலைகளையும் நீட்டி, ஜீன், புரோட்டீன் என்று ஆரம்பித்தேன்.

“தெரியும், மிஸ்யே,” என்றாள். “எங்க அப்பா காட்டுல மரம் வெட்டினவர். புவா தோலிவை வெட்டினா இப்படித்தான் துளிர்க்கும். பட்டுப்போயிடக் கூடாதுன்னுதான் தண்ணி ஊத்தினேன்.”

அத்தனை நாளும் பதில் அந்தச் சமையலறைக் கதவருகேயே நின்றிருக்கிறது.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் மதாம்.

“என்னை யாரு கேட்டீங்க, மா? மரத்தைப் பத்தி மிஸ்யேவைக் கேட்டீங்க. என்னைப் பத்தியும் மிஸ்யேவைத்தான் கேட்டீங்க.”

மதாம் அங்கேயே நின்று அழுதார். தப்பு என்னுது, வீட்டுக்கு வா என்று கெஞ்சினார். லினெட் அவருடைய கையைப் பிடித்து, தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

“சீவனுக்குக் கால் சரியாயிடுச்சாமே,” என்றாள். “நடந்து வரட்டும். பேசிக்கறேன்.” கதவை மெதுவாகத்தான் சாத்தினாள்.

இதை எழுதும் வரை சீவன் போகவில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது, ஹோட்டலுக்குத் தினமும் போகிறான். ஒரே மரம்தான் என்று நான் பத்து முறை விளக்கியாயிற்று. தலையை ஆட்டுகிறான். ஆனால் பின்பக்கக் கதவைத் திறப்பதில்லை. ரோஷ் புவா பஸ்ஸில் ஏறுவதும் இல்லை. நான் கிளப்பிவிட்ட சந்தேகம் அவனுக்குள் வேர் விட்டுவிட்டது.

‘எனக்குத் தெரியாது, மதாம்’ — மூன்றே வார்த்தை. அப்படிச் சொன்னதற்காக என் வாத்தியார் வேலையை யாரும் பறித்திருக்க மாட்டார்கள். அந்தக் குழந்தையும் அப்பா இருக்கும் வீட்டில் பிறக்க வழி இருந்திருக்கும்.