கப்பலுக்கு முன்னால் நான்கு பேச்சாளர்கள்

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பதினான்கு வருடமாக ஒரே தடத்தில் ஓடும் பேருந்தில் டிக்கெட் கொடுப்பவள் எல்லோருக்கும் கண்டக்டரம்மாதான். படியில் தொங்கும் முரடனை ஒரே பார்வையில் உள்ளே ஏற்றிவிடுவாள். அவள் கணவர் சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவர். இருபது வருடமாகக் காலர் மட்டும். "எங்க வீட்டுக்காரர் ஒரு முழுச் சட்டை தைச்சு நான் பாத்ததில்ல" என்று அவள் சொன்னால் பஸ்ஸே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பெல்லாம் பஸ்ஸோடு சரி. வீட்டில் வேறு கதை.

மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு ஏழு. இருவருக்கும் ஒரே நோய். பார்வை ஓரங்களிலிருந்து கருகிக்கொண்டே நடுவை நோக்கி வருகிறது. கண் டாக்டர் ஒரு தாளைச் சுருட்டிக் குழாயாக்கி அவள் கண்ணருகே வைத்தார்.

"இதுக்குள்ள தெரியுதே, இவ்வளவுதாம்மா அவங்களுக்குத் தெரியும். வருஷா வருஷம் இந்தக் குழாய் சிறுத்துக்கிட்டே போகும். பொழுது சாய்ஞ்சு வெளிச்சம் குறைஞ்சா இதுவும் கிடையாது."

"எத்தனை வருஷம், டாக்டர்?"

அவர் அந்தத் தாளைப் பிரித்து மேஜைமேல் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அவளும் ஒரு தாளைச் சுருட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த கணவரைப் பார்த்தாள். மூக்கு மட்டும் தெரிந்தது. தெருமுனைவரை அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தாள். அப்போதுதான் முழு மனிதனாகத் தெரிந்தார். கிட்ட இருந்தால் துண்டு, தள்ளிப் போனால் முழுசு. தன் பிள்ளைகளின் உலகத்தை அந்தத் தாய் அப்படித்தான் கற்றுக்கொண்டாள்.

மகள் கேட்ட மலையைப் போன வருடமே காட்டியாகிவிட்டது. மகன் கேட்டது கப்பல்.

"படத்துல இருக்கிற மாதிரி வேணும்மா. முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணாத் தெரியணும்."

நாத்தனார் வந்தாள், வழக்கம்போலக் கரிசனத்தோடு. "நாளைக்கு இல்லாமப் போற பார்வை. இன்னைக்கு ஊர் சுத்திக் காட்டி ஆசைய வளக்கணுமா?"

"நாளைக்கு எப்படியும் பசிக்கத்தானே போகுது, அண்ணி. இன்னைக்குச் சாப்பிடாம இருந்துடறீங்களா?"

நாத்தனார் அதன்பிறகு இரண்டு மாதம் அந்த வீட்டுப் படியேறவில்லை.

ஆனால் துறைமுகத்துக்குள் நினைத்தவர்கள் நினைத்தபடி போய்விட முடியாது. அப்போதுதான் ஒரு சேவைச் சங்கம் முன்வந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகள் உள்ள பத்துக் குடும்பங்களை வேனில் அழைத்துப் போய்க் கப்பல் காட்டுவார்களாம். அனுமதிச் சீட்டும் அவர்களே வாங்கித் தருவார்களாம். அவள் அந்தச் சங்கத்தின் செயலாளரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பின்னால் அதை நினைத்து எத்தனை முறை தன் கைகளையே நொந்துகொண்டாளோ.

விடியும்போது கிளம்பிய வேன் ஆறு மணி நேரம் ஓடித் துறைமுகத்தில் நின்றது. வழியெல்லாம் சின்னவன் தூங்கவே இல்லை. "தூங்கினா கப்பல் போயிடும்" என்றான்.

கப்பலை ஒட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். மேடை, மைக், மாலைகள். பிள்ளைகளுக்கு முன்வரிசை.

"கிட்ட இருந்து நல்லாப் பாக்கட்டும்னுதான்" என்று பெருமையாகச் சொன்னார் செயலாளர்.

சின்னவன் தலையை மேலே தூக்கினான், கீழே இறக்கினான், இடமும் வலமும் திருப்பினான்.

"அம்மா, கப்பல் எங்க? இங்க சுவர்தான் இருக்கு."

அந்தச் சுவர்தான் கப்பல். மகனின் சிறு குழாய்க்குள் ஒரு திட்டுத் துரு மட்டும் அகப்பட்டிருந்தது.

அதற்குள் செயலாளர் ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டி நிறையக் கறுப்புக் கண்ணாடிகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் மாட்டிக்கொண்டே வந்தார்.

"எதுக்கு சார் இது?"

"போட்டோவுக்கும்மா. வெறும் கண்ணோட உக்காந்தா சாதாரணப் புள்ளைங்க மாதிரி இருக்கு. நன்கொடை குடுத்தவங்க நம்ப வேண்டாமா?"

வாசகர்களே, அந்த முகங்களை நினைத்துப் பாருங்கள். இருக்கிற கொஞ்சப் பார்வையும் தீருமுன் பார்த்துவிட ஆறு மணி நேரம் பயணம் செய்து வந்த பிள்ளைகள். அந்தக் கொஞ்சத்தையும் ஒரு புகைப்படத்துக்காக மூடிவைத்தார்கள். இதற்குச் சேவை என்று பெயர்.

சங்கத் தலைவர் வந்து கூட்டம் தொடங்கவே மணி மூன்றரை ஆகிவிட்டது. முதல் பேச்சாளர் ஒளியைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். இரண்டாமவர் முதல் பேச்சாளரைப் பற்றிப் பேசினார். மணி ஐந்தை நெருங்கியது. பந்தலின் நிழல் நீண்டுகொண்டே போனது.

அவள் எழுந்து செயலாளரிடம் போனாள். "பேச்செல்லாம் எப்ப சார் முடியும்?"

"இன்னும் ரெண்டு பேர்தான். ஆறரைக்கு முடிஞ்சிடும். அப்புறம் ஆற அமரப் பாக்கலாம்."

"ஆறு மணிக்கே இருட்டிடும். இருட்டுல இதுங்களுக்கு ஒண்ணுமே தெரியாது சார்."

"பெரிய பெரிய விளக்கு போட்டிருக்கோம்மா" என்றார் அவர், அவளைப் பார்க்காமலேயே.

திரும்பி வந்தவளின் புடவைத் தலைப்பைக் கணவர் பிடித்து இழுத்தார். "பேசாம உக்காரு. கூட்டிட்டு வந்தவங்க மனசு நோகும்."

"எதுக்குக் கூட்டிட்டு வந்தோம்னு அவங்களுக்கு மறந்துபோச்சு. உங்களுக்குமா?"

பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த காவலாளியிடம் போய்க் கேட்டாள். "அண்ணே, இந்தக் கப்பல் எங்கேருந்து பாத்தா முழுசாத் தெரியும்?"

"இங்கேருந்து எப்படிம்மா தெரியும்? வாசலுக்கு வெளிய தண்டவாளத்து மேல நடைபாலம் இருக்கு பாருங்க. நாங்களே அங்க ஏறித்தான் பாப்போம்."

மூன்றாம் பேச்சாளர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது அவள் தன் இரண்டு பிள்ளைகளின் கண்ணாடிகளையும் கழற்றினாள். நேராக மேடை ஏறி, சங்கத் தலைவரின் முன்னால் அவற்றை வைத்தாள்.

"ஐயா, இத மாட்டிக்கிட்டு நீங்க கொஞ்ச நேரம் கப்பலப் பாருங்க."

பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, பதினான்கு வருடம் பேருந்தில் பழகிய குரலில் சொன்னாள்: "கப்பல் பாக்கறவங்கள்லாம் இறங்குங்க. பேச்சுக் கேக்கறவங்க உக்காருங்க."

யாரும் அசையவில்லை. காலர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மகளை ஒரு கையிலும் மகனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசலைத் தாண்டும்போது பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. கணவர்தான். மகனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் ஓடினார்.

பாலத்தின் நடுவில் நின்று பார்த்தார்கள். சூரியன் கிடங்குகளின் கூரையைத் தொட்டிருந்தது. மகள் கப்பலைக் கண்டுபிடித்துவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். சின்னவனுக்கு அகப்படவில்லை. தாய் அவன் பின்னால் மண்டியிட்டு, காதுகளைப் பிடித்து மெல்லத் திருப்பினாள்.

"பாதிதாம்மா இருக்கு."

"இன்னும் தள்ளிப் போகலாம், வா."

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பாலத்தின் மறுகோடிக்கு ஓடினார்கள். மறுபடி மண்டியிட்டாள்.

"இப்ப?"

அவன் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான்.

"கண்ணு, முன்பக்கம் தெரியுதா?"

"தெரியுது."

"பின்பக்கம்?"

"ரெண்டும் ஒண்ணாத் தெரியுதும்மா" என்றான் அவன். கீழே விட்டுவிடாமல் எதையோ சுமப்பவனைப் போலத் தலையை அசைக்காமல் நின்றான். "புகை விடுது."

படிகளில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. வேறொரு தாய், இரண்டு பிள்ளைகளோடு. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று குடும்பங்கள். பிள்ளைகளின் முகத்தில் கண்ணாடி இல்லை. எல்லோருக்கும் கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு செயலாளர்.

"என்னம்மா இது? தலைவர் எழுந்து போயிட்டார். குரூப் போட்டோ எடுக்கல. இனிமே உங்கள எந்தப் பயணத்துலயும் சேக்க மாட்டோம். திரும்பிப் போக வேனும் கிடையாது."

கண்டக்டரம்மா எழுந்திருக்கவில்லை. மகனின் காதுகளைப் பிடித்திருந்த கைகளையும் எடுக்கவில்லை.

"சரி சார். நாங்க பஸ்ல போய்க்கிறோம்" என்றாள். "இப்பக் கொஞ்சம் அந்தப் பக்கம் நகந்து நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."