ஒரு பந்தலுக்கு ஓர் அவரை

நாராயணவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், நெல்லும் வேர்க்கடலையும் பயிரிட்ட குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தவர் எங்கள் அக்கா. எனக்கு விவரம் தெரிவதற்குள் எங்கள் அப்பா, நைனா, காலமாகிவிட்டார். அக்கா பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டுச் சித்தூரில் ஒரு மாங்கூழ் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சம்பளத்தில் படித்த நான், இன்று திருப்பதியில் ஓர் அலுவலகத்தில் பிறர் எழுதிய கோப்புகளில் பிழை திருத்துகிறேன். மிச்ச நேரத்தில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழை செய்கிறேன். "உங்க அக்கா வெச்சதுல வெளையாத பயிர் நீ ஒருத்தன்தான்" என்பார் மாமா. அக்காவின் கணவர்; வேலூர் தடத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். எதிரே வருபவருக்கு வழி விட்டுப் பழக்கமில்லாதவர்.

ஆலையில் அக்காவுக்குக் கூழை ருசி பார்த்துத் தரம் சொல்லும் வேலை. பருவம் முழுக்க மாம்பழத்தை நாக்கில் சுமந்தவர், வீட்டில் மாம்பழத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த நாக்கு தன் அன்பையெல்லாம் அவரைக்காய்க்கு வைத்திருந்தது.

சித்தூர் வீட்டின் பின்கட்டில், கழிவுநீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் போக மிஞ்சிய இடத்தில் ஒரே ஒரு பந்தல். இரண்டு ரகத்தை ஒரே பந்தலில் ஏற்றினால் ஒன்றை ஒன்று அமுக்கிவிடும், எது பிஞ்சு, எது முற்றல் என்று கைக்குத் தெரியாது என்பது அக்காவின் சட்டம். ஆகவே ஆடி பிறந்ததும் எந்த அவரை என்று முடிவு செய்யக் குடும்பம் கூடும். மாமா ஆண்டு தவறாமல் அனபகாய் கேட்பார். மொச்சை போன்று உள்ளே பருப்பு திரளும் அவரை அது. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைத்தால், எங்கள் பக்கத்து மனிதர்கள் கோபத்தைக்கூட மறப்பார்கள். நான் ஊதா அவரை கேட்பேன். பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர என்னிடம் வாதம் கிடையாது. அக்கா இருவரையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமக்குப் பிடித்த கோழி அவரையை ஊன்றுவார். பட்டையாக, தோல் மெலிதாக, எண்ணெயில் போட்டதும் வேகும் காய் அது. எங்கள் வீட்டில் தேர்தல் ஒழுங்காக நடக்கும், முடிவு மட்டும் முன்பே வந்துவிடும்.

ஒரே ஒரு முறை எனக்கு வாய்ப்புக் கொடுத்தார். எங்கோ படித்துவிட்டு, சிவப்புப் பூப் பூக்கும் மலைநாட்டுக் கொடி பீன்ஸ் விதையைத் தபாலில் வரவழைத்தேன். கொடி தென்னையைத் தொட்டது. பூ பூவாய்ப் பூத்தது. சித்தூர் வெயிலில் எல்லாம் உதிர்ந்தது.

"இன்னாடா, பூவையே பொரியல் பண்ணலாமா?" என்று கேட்டார் அக்கா. பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குத்திக்காட்டும் வேலையை மாமா பார்த்துக்கொண்டார்.

ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆனியில் அக்காவுக்கு உடல் நலம் குன்றியது. வேலூரில் மருத்துவர் மாமாவையும் என்னையும் தனியே அழைத்து, கார்த்திகையைத் தாண்டுவது கடினம் என்றார். கொடி அவரைக்குப் பனி இறங்க வேண்டும். ஆடியில் ஊன்றினால் மார்கழியில்தான் ஒழுங்காகக் காய்க்கும். நான் கணக்குப் போட்டேன், கடைவீதிக்குப் போனேன், செடி அவரைப் பொட்டலம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்தேன்.

"இந்த வாட்டி செடி அவரை போட்டுப் பாக்கலாம்க்கா. அம்பது நாள்லயே காய்க்குதாம்."

"ஆமாமே, எல்லாரும் அதான் போடறாங்க" என்றார் மாமா.

அக்கா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாடா இது, எலியும் பூனையுமா இருந்தவங்க இன்னிக்கு ஒரே கட்சி?"

நான் தண்ணீர்ச் சிக்கனத்தைப் பற்றியும் பூச்சி எதிர்ப்பைப் பற்றியும் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன்.

"அம்பது நாள்ல காய்ச்சிடும், சரி. அம்பத்தோராவது நாளு நான் இன்னாடா பண்ணிக்கினு இருப்பேன்?"

சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தை நான் கையால் மறைத்தேன்.

"டாக்டரு சொன்னத நீங்க சொல்லவே தேவல. பஸ்ல வரப்பவே ரெண்டு மூஞ்சியும் சொல்லிடுச்சி." பிறகு மாமாவைக் காட்டினார். "இவரு வருஷா வருஷம் கேட்டாரே அனபகாய், அதையே போடு."

"அது தையிலதானேமே பருப்பு கட்டும்?" என்றார் மாமா.

"தையிலதான். அதுக்கு இன்னா இப்போ? பிதுக்க நெறைய ஆள் வேணும், எல்லாம் லீவு போட்டு வந்து சேருங்க. பந்தல் கோல் உளுத்துப் போய்க் கீது. மொதல்ல அத மாத்து."

கோலை மாற்றினோம். கார்த்திகையில் கொடி பூத்தது; அக்கா பந்தலின் கீழ் நாற்காலி போட்டு உட்கார்ந்து வண்டுகளை மேற்பார்வை பார்த்தார். மார்கழியில் மருத்துவர் அறிக்கையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி அறிக்கையைப் பார்த்தார். "அவரு மேல தப்பு இல்ல, கொடியப் பத்தி அவருக்குத் தெரியாதே" என்று அக்கா வழியெல்லாம் அவருக்காகப் பரிந்து பேசினார்.

தையில் வீடு நிறைந்தது. கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஊறிய பருப்பைப் பிதுக்கினோம். வழுக்கும் பருப்பு விரலுக்கு அடங்காது. நான் பிதுக்கியது பக்கத்து வீட்டுச் சுகுணம்மாவின் மூக்குக் கண்ணாடியில் போய் ஒட்டியது.

"கின்னெலோ வெய்யி தம்முடு, நா மொகம் மீத காது" என்றார் அவர். பாத்திரத்தில் போடு தம்பி, என் முகத்தில் அல்ல என்பது பொருள். அதன் பிறகு வட்டத்தில் யாரும் யாரையும் விட்டுவைக்கவில்லை. சிரித்துச் சிரித்து அக்காவுக்கு இருமல் வந்தது. இருமலோடும் குறி தவறாமல் மாமாவை அடித்தார்.

மாமா முதல்முறையாகக் குழம்பு வைத்தார். அக்கா ஒரு கரண்டி எடுத்து, ஆலையில் செய்வது போலக் கண்ணை மூடி நாக்கில் உருட்டினார். கூடமே காத்திருந்தது.

"பாஸ். உப்புதான் கம்மி." பிறகு தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார்.

மாசியில் ஒரு விடியலில், உறக்கத்திலேயே விடைபெற்றார்.

அக்காவைத் தங்கள் வீட்டு மனுஷியாக நடத்திய வேலூர் மருத்துவருக்கும் செவிலியருக்கும், இரவும் பகலும் துணையிருந்த சுகுணம்மாவுக்கும், ஆலையிலிருந்து முறை வைத்து வந்து பார்த்த தோழியருக்கும், விடுப்பெடுத்து வந்து பருப்புப் பிதுக்கிய உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

சென்ற ஆடியில் மாமாவும் நானும் மட்டும் கூடினோம். எதிர்க்கட்சி இல்லாத தேர்தல்.

"இனிமே உங்க இஷ்டம்தான் மாமா. அனபகாய்தானே?" என்றேன்.

"கோழி அவரைடா."

"ஏன் மாமா?"

"வேற எது போட்டாலும் தொண்டையில எறங்காது."

நானும் கை தூக்கினேன். பனி தவறாமல் இறங்கியது, பந்தல் தாழும் அளவுக்குக் காய்த்தது. அக்காவின் முதலாண்டு நினைவு நாளான இன்று உங்கள் இலையில் பரிமாறியிருப்பது அந்தக் காய்தான். உப்பு மட்டும் மாமா போட்டது.