வாசலில் நின்ற பெட்ரோமாக்ஸ்

ஆபரேஷன் நடுவில் கரண்ட் போனால் என்ன செய்ய வேண்டும் என்று பலமுறை பாடம் எடுத்திருக்கிறேன். நிஜமாகவே போனது ஒரு மழைக்கால மத்தியானம். மேசையில் வல்லத்திராக்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்த தலைப்பிரசவக்காரி. வயிற்றைத் திறந்தாகிவிட்டது, குழந்தையை இன்னும் எடுக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி அது. கன்னியர் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரியின் பயிற்சிப் பள்ளியில் ஆபரேஷன் தியேட்டர் அசிஸ்டென்ட் வகுப்பு என் பொறுப்பு. கை கழுவுவதிலிருந்து தொடங்குவேன். நகக்கண், விரலிடுக்கு, முழங்கை. பிறகு டிரம்மில் துணி அடுக்கி, கிருமி சாக நீராவியில் ஆட்டோகிளேவ் போடுவது, ரத்தக்குழாயைக் கவ்வும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸின் பிடி டாக்டரின் உள்ளங்கையில் விழும்படி கொடுப்பது. காலை ஜெபம் முடியாமல் தியேட்டர் திறக்காது. இந்துப் பெண்களும் கைகட்டி நிற்பார்கள்; அவர்களை யாரும் பாடச் சொன்னதில்லை.

அந்த வருஷத்து மாணவி செல்வமேரி, ஆவூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கை சுத்தம், கவனம் எல்லாம் உண்டு. குரல்தான் முகமூடியைத் தாண்டி வராது. ஆபரேஷன் செய்யும் கன்னியாஸ்திரீயான டாக்டர் சிஸ்டருக்கு அது பெரிய தொந்தரவு. "நூல் இருக்கான்னு கேட்டா, இருக்குங்கிறாளா இல்லைங்கிறாளான்னே தெரியல. இவளை வார்டுக்கு மாத்திருங்க டீச்சர்" என்றார். மாதக் கடைசி வரை பார்க்கலாம் என்று நான் தவணை கேட்டு வாங்கியிருந்தேன்.

கரண்ட் போன அன்று டாக்டர் சிஸ்டருக்கு எதிரே கருவிகளோடு நின்றவள் அவள்தான். நான் தலைமாட்டில், மயக்கம் கலையாதிருக்க மாஸ்க்மேல் ஈதர் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். கதவு என் முதுகுப் பக்கம். மேகம் கவிந்ததில் ஜன்னல் வெளிச்சமும் இல்லை. டாக்டர் சிஸ்டர் குனிந்தபடியே, சீக்கிரம் வெளிச்சம் வேண்டும் என்றார். அது வராந்தாவில் நின்ற வாட்ச்மேன் கருப்பையாவின் காதில் விழுந்திருக்கிறது.

ஈதர் ஆவி கனமானது, தரையோடு தவழும். தீ பக்கத்தில் வந்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். மாணவிகளுக்கு இதைச் சொல்லியிருந்தேன். கருப்பையாவுக்கு யாரும் சொன்னதில்லை. அவர் கொளுத்திய பெட்ரோமாக்ஸோடு கதவைத் தள்ளினார்.

"அங்கிட்டே நில்லுங்கண்ணே."

யார் குரல் என்று எனக்குப் பிடிபடவில்லை.

"யாரு தடுக்கிறது? வரச் சொல்லு, லைட் வேணும்" என்றார் டாக்டர் சிஸ்டர், நிமிராமல்.

"வேணாம் சிஸ்டர். பெட்ரோமாக்ஸ் எரியுது. இங்க ஈதர் போட்டிருக்கு" என்றாள் செல்வமேரி. பிறகு வாசலைப் பார்த்து, "கீழ வைக்காதீங்கண்ணே. அப்படியே வெளிய கொண்டுபோயிட்டு, வார்டுல டார்ச்சு கேளுங்க" என்றாள்.

கழுவி உறை மாட்டிய கை. யாரையும் தொட்டுத் தடுக்க முடியாது. மேசையை விட்டு நகரவும் முடியாது. பேச்சு ஒன்றால் ஆளை நிறுத்தினாள். கருப்பையா விளக்கைத் தூக்கிப் பிடித்தபடியே பின்னால் நடந்து போனார். நான் ஈதர் பாட்டிலை மூடினேன்.

வார்டு நர்ஸ் டார்ச்சுகளோடு ஓடிவந்தாள். அந்த வெளிச்சத்தில் குழந்தையை எடுத்தோம். பெண். உடனே அழவில்லை. நர்ஸ் சளியை உறிஞ்சி எடுத்து, முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக அது வீரிட்டது.

தையல் முடிந்து உறையைக் கழற்றும்போது, டாக்டர் சிஸ்டர் செல்வமேரியின் தோளைத் தட்டினார். "இவ இங்கயே இருக்கட்டும் டீச்சர்" என்றார். அவள் சுவரில் சாய்ந்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள்.

கருப்பையா கிணற்றடியில் அணைந்த விளக்கோடு உட்கார்ந்திருந்தார். தாயும் பிள்ளையும் சுகம் என்றேன். "நல்லதுக்குத்தான் டீச்சர் கொண்டாந்தேன்" என்றார். எனக்கும் அது தெரியும்.

தியேட்டருக்குள் நிற்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, வெளியிலிருந்து உதவ ஓடிவருகிறவருக்கும் சொல்ல வேண்டும் என்பது அன்று எனக்குக் கிடைத்த பாடம். அடுத்த வாரமே வாட்ச்மேன், ஆயா, சமையல்காரர் எல்லோரையும் வகுப்பில் உட்காரவைத்து ஈதரைப் பற்றிச் சொன்னேன். முடிந்ததும் கருப்பையா தயங்கித் தயங்கி எழுந்தார்.

"அப்போ வராந்தாவுல நின்னு பீடி குடிக்கலாங்களா?"

அது எனக்குத் தோன்றியதே இல்லை. சாயங்காலமே அங்கே, பீடி பிடிக்கக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டினோம்.