கம்பஸோ, கொலிஜோ?

"கம்பஸோ, கொலிஜோ?"

எடுத்த கட்லெட்டைப் பிள்ளை இன்னும் கடிக்கவில்லை, அதற்குள் கேட்டுவிடுவாள். யோகராணி அப்படித்தான். பிறந்தநாள் வீடோ செத்த வீடோ, பதினேழு வயதைத் தாண்டிய பிள்ளை எதிரே வந்தால் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இதுதான் கேள்வி. 'கம்பஸ்' என்று பதில் வந்தால் கன்னத்தைத் தடவுவாள். 'கொலிஜ்' என்றால், "பரவாயில்லை, என்ன செய்யிறது" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாள். கம்பஸ் என்றால் பல்கலைக்கழகம். கொலிஜ், தொழில் பழகுகிற இடம். அவளைப் பொறுத்தவரை மூளை குறைந்ததுகள் போகிற இடம்.

கனடாவில், ஸ்காபரோவில், பாண் ரொட்டி சுடுகிற ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறாள். வயது அறுபத்தொன்று; இடுப்புப் பட்டி இல்லாமல் நிமிர முடியாது. யாழ்ப்பாணத்தில் இரண்டு தரம் உயர்தரச் சோதனை எடுத்து, இரண்டு தரமும் மயிரிழையில் பல்கலைக்கழகம் தவறிப்போனவள். பக்கத்தில் நின்று பாண் அடுக்கும் நிரூபா பல்கலைக்கழகத்தில் தேறி வந்தவள் என்பதைப் பெருமையாகச் சொல்வாள். அந்தப் பட்டதாரி ஏன் தன் பக்கத்தில் நின்று பாண் அடுக்குகிறாள் என்று மட்டும் யோசிக்கமாட்டாள்.

புருசன் செத்த பிறகு அவளுக்கு மிஞ்சியது ஒரே மகன், ஜெயந்தன். பள்ளிக்கூடம் முடித்ததும் கார் மெக்கானிக் படிக்க ஒஷாவாவில் ஒரு கொலிஜில் இடம் எடுத்துக்கொண்டு வந்தான். மூன்று நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்தாள். "கொப்பர் இருந்திருந்தா இப்பிடிச் செய்வியே?" என்று செத்த மனிதனையும் இழுத்தாள். பிள்ளை பணிந்துபோனான். பிடிக்காத உளவியலை நாலு வருடத்துக்குப் பதிலாக ஆறு வருடம் இழுத்து முடித்தான். பட்டமளிப்புக்கு அவள் கட்டிய சேலை என்ன, உலகம் முழுக்க அனுப்பிய படங்கள் என்ன! இப்போது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. வீடு வீடாகப் பார்சல் போடுகிறான். கேட்பவர்களுக்கு, "கொம்பனி ஒண்டிலை லொஜிஸ்ரிக்ஸ்" என்பாள். அந்த ஒரு சொல்லை எங்கே தேடிப் பிடித்தாளோ, பாவி.

அவளுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். குசினியில் அடுப்புக்கு முன்னால் தனியே நிற்கையில், "அவனைக் கெடுத்தது நான்தான்" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறாள். அவனிடம் சொன்னதில்லை. அவன் காத்திருப்பது அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

போன ஞாயிறு மத்தியானம் ரூஜ் பக்கத்தில் அவளுடைய தம்பி அன்புராசா வீட்டில் பிறந்தநாள். அவருடைய மகள் யதுஷாவுக்குக் கம்பஸிலும் இடம் கிடைத்திருந்தது, எலெக்ட்ரீஷன் படிக்கக் கொலிஜிலும் கிடைத்திருந்தது.

"மாமி, ஐ ரியலி வோண்ட் எலெக்ட்ரீஷன். நீங்கள் சொன்னா அப்பா கேப்பார்" என்று பெண் வந்து கையைப் பிடித்தாள்.

"ஓம் அக்கா, நீங்களே சொல்லுங்கோ. நாளைக்குப் பதில் அனுப்ப வேணும்" என்றார் அன்புராசா.

வேலையிலிருந்து நேரே வந்திருந்த ஜெயந்தன் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தான்.

"சொல்லுங்கோ அம்மா. உண்மையைச் சொல்லுங்கோ."

யோகராணி யதுஷாவையும் மகனையும் பார்த்தாள். சொல்லிவிடலாம். ஒரு பிள்ளை தப்பிவிடும், இன்னொரு பிள்ளைக்கு நெஞ்சு ஆறும். வாயைத் திறந்தாள். எதிரே யூனியன்வில்லிலிருந்து வந்த நாகேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மகன் பல் டாக்குத்தர். ரோல்ஸை மென்றபடி இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்பஸ்தான்" என்றாள் யோகராணி. "எங்கடை ஜெயந்தனும் கம்பஸ் முடிச்சவன்தானே? இப்ப அவனுக்கு என்ன குறை?"

யதுஷா பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். பார்சல் கொம்பனியின் அடையாள அட்டையை ஜெயந்தன் கழற்ற மறந்திருந்தான். அது கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. யோகராணி மகனின் கொலரைச் சரிசெய்வதுபோலக் கையை நீட்டி, அந்த அட்டையைச் சட்டைக்குள்ளே தள்ளி, மேல் பொத்தானையும் பூட்டிவிட்டாள்.