அம்மா ஏறாத ஒட்டகம்

மொரோக்கோ போவதற்கு முதல்நாள், லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடி அம்மா கனடாவிலுள்ள சின்னம்மாவிடம் போனில் சொன்னார்: "இனி ஒட்டகத்திலை ஏறிப்போட்டு வந்துதான் உன்னோடை கதைப்பன்." எழுபது தாண்டிய வயதில் இது என்ன ஆசை என்று சிரித்தேன். பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

மனைவிக்கு ஷிப்ட் மாற்றக் கிடைக்கவில்லை. அம்மாவும் நானும் மட்டும் போனோம். பாலைவன ஓரத்தில், எப்போதோ சினிமாப் படம் எடுக்கக் கட்டிய நகரம் ஒன்றை இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். முன்னால் நின்று பார்த்தால் அரண்மனை, பின்னால் போனால் பலகையும் முட்டுக்கம்பும். அம்மா ஒரு பெரிய தூணைத் தட்டிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"எங்கடை மணவறையும் இப்பிடித்தானே, பின்பக்கம் பாக்கக்கூடாது" என்றார். நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

நான் சந்தோஷப்பட அங்கே போகவில்லை, ஏமாறாமல் திரும்பி வரப் போயிருந்தேன். வாசலில் சவாரிக்காரர்கள் மொய்ப்பார்கள், கண்ணைப் பார்க்காதே, நின்று பேசாதே என்று இணையத்தில் வாசித்து வைத்திருந்தேன். இல்ஃபோர்டில் கதவைத் தட்டி ஏதாவது விற்க வருகிறவர்களை வாய் திறக்கவிடாமல் அனுப்புகிறவன் நான். அதில் எனக்கு ஒரு தலைக்கனமும் உண்டு. குதிரை வண்டிக்காரரையும் மோட்டார் வண்டிக்காரரையும் கையை வீசியே விரட்டிவிட்டேன்.

ஒட்டகக்காரர் ஒருவர் மட்டும் விடவில்லை. எங்களைக் காரில் கூட்டிவந்த டிரைவரைத் தேடி நான் திரும்பிய நேரம் பார்த்து, அம்மாவின் தலையில் ஒரு நீலத்துணியைச் சுற்றிக் கட்டிவிட்டார். அம்மா கூச்சத்தோடு சிரித்தார். ஒட்டகம் மண்டியிட்டுப் படுத்திருந்தது. அம்மாவின் கை சேணத்தின் மேல் இருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. துணியை அவிழ்த்து அந்த மனிதரின் கையில் திணித்தேன். "அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, ஏற முடியாது" என்று ஆங்கிலத்தில் கத்தினேன். அம்மாவின் முழங்காலில் ஒரு குறையும் இல்லை. வீட்டு மாடிப்படியில் என்னைவிட வேகமாக ஏறுகிறவர்.

ஒட்டகக்காரர் அம்மாவைப் பார்த்து, உண்மையா என்பதுபோலக் கையை விரித்தார். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து முழங்காலைத் தடவிக் காட்டினார்.

"வாங்கோ அம்மா, இவங்கள் ஏத்திப்போட்டு இறக்கமாட்டாங்கள்" என்றேன்.

"ஓம் தம்பி, நீ சொன்னாச் சரி."

திரும்பும் வழியெல்லாம், யார் யார் எப்படி ஏமாந்தார்கள் என்று வாசித்ததை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நித்திரை வருகிறதாக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்த அடுத்த நாள் சின்னம்மாவின் போன் வந்தது. நான் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அம்மா எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார்.

"ஓம், ஏறினனான்! அது முதல் பின்னங்காலைத்தான் எழுப்பும். முன்னுக்கு விழப்போறன் எண்டு குழறிப்போட்டன். பிறகு பார், தொட்டில் மாதிரி ஆட்டிக்கொண்டு போகும்."

மற்றவர்கள் ஏறியதை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கத்தில் காது சுட்டது.

"அப்ப படம் எங்கை அக்கா? அனுப்புங்கோவன்" என்றார் சின்னம்மா.

அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"தம்பி என்னை விழாமல் பிடிச்சுக்கொண்டெல்லே வந்தவன். பிறகு ஆர் படம் எடுக்கிறது?"

தேத்தண்ணீர் இரண்டு கோப்பையிலும் ஆறிக்கொண்டிருந்தது. எந்த முகத்தோடு நான் அந்த முன்னறைக்குள் போவது?